அம்மாவின் பிரஷரும் அரை டசின் தியானமும்

சாப்பாட்டு மேசையின் மேல் அம்மாவின் இடது கை நீட்டிக் கிடந்தது. முழங்கைக்கு மேலே பிரஷர் மெஷினின் பட்டி. அந்தக் கையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், கேக் வெட்டக் காத்திருப்பவர்களைப் போல.

அப்பா மெஷினுக்கு நேர் முன்னால் இருந்தார். மாமி அம்மாவின் கதிரைக்குப் பின்னால் நின்று, அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்திருந்தார். நான் பக்கத்தில், கைத்தொலைபேசியில் கடல் அலைச் சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். உண்மையான கடல் எங்கள் தொடர்மாடியிலிருந்து ஒரு ரயில் பாதைக்கு அப்பால்தான் இருந்தது. ஆனால் அது தியானத்துக்கென்று தயாரிக்கப்பட்ட கடல் அல்ல. ஆகவே ஜன்னலைச் சாத்தியிருந்தோம்.

“ரிலாக்ஸா இரும்,” என்றார் அப்பா. கணிதப் பரீட்சைக்கு முதல் நாள் எனக்குச் சொன்ன அதே குரல். அந்தக் குரலைக் கேட்டு இதுவரை எவரும் ரிலாக்ஸ் ஆனதில்லை.

மெஷின் உறுமியது. பட்டி உப்பியது. நிதானமாக மூச்சு விட வேண்டியவர் அம்மா. ஆனால் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அவரும் பிடித்துக்கொண்டார். சாம்பிராணிப் புகைக்குள்ளால் மத்தியானம் பொரித்த மீனின் வாசம் வந்தது.

இலக்கம் திரையில் வந்தது. அப்பா சூள் கொட்டினார்.

“நேற்றையிலும் பார்க்கக் கூடிப்போச்சு,” என்றார் மாமி. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் தலைக்கு மேலால் அப்பாவிடம் சொன்னார்.

அதே நேரத்தில் என் கைத்தொலைபேசி, இன்றைய அமைதியை நீங்கள் அடைந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொன்னது.

இடைவழியில் ஏறுபவர்களுக்கு

இந்தத் தொடரில் இந்த வாரம்தான் ஏறுபவர்களுக்காக வீட்டாரை ஒருமுறை வரிசைப்படுத்திவிடுகிறேன். வரிசைப்படுத்துவது என் தொழில் கொடுத்த வியாதி. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள்களைச் சோதிக்கிறேன். பிறர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தவர், சைவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அம்மா ரீட்டா, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்து வெள்ளவத்தையில் குடியேறினார்கள். எங்கள் வரவேற்பறையில் இயேசுவுக்கு ஒரு சிவப்பு பல்ப், பிள்ளையாருக்கு ஒரு மஞ்சள் பல்ப். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளக் பொயின்ட். எங்கள் வீட்டின் மத நல்லிணக்கம் அந்த மல்டிபிளக்கில்தான் தங்கியிருக்கிறது.

மாமி, அப்பாவின் அக்கா. எங்களுக்கு நேர் கீழ் மாடியில் இருக்கிறார். அம்மாவின் அண்ணனான மாமா இன்னும் கொட்டாஞ்சேனையில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அம்மாவின் இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது. வலது கண் மோசம். அது எங்களுக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை அம்மாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அம்மா தனியாகப் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவார். கோயிலுக்குப் போவார், மெழுகுதிரி கொளுத்துவார், பழைய சிநேகிதிகளுடன் கதைப்பார், பின்னேரம் திரும்பி வருவார். மற்ற ஆறு நாளும் அவர் எங்களுடையவர். அந்த ஒரு நாளைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தச் செவ்வாய் புறக்கோட்டையில் பஸ் போர்ட்டைப் பிழையாக வாசித்து, பொரளைக்குப் போய் இறங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைப் பகிடியாகத்தான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து அம்மாவுடன் அப்பாவும் போகத் தொடங்கினார். கோயில் வாசலில் ஓட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே அம்மா முழங்காலில் இருக்கும் நேரமெல்லாம் வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிநேகிதிகளுக்குத் தலையாட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

கண்ணைச் சரிசெய்தால் செவ்வாய்க்கிழமை திரும்பக் கிடைக்கும். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் பிரஷர் எடுப்பார்கள். கூடினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவை இரண்டு தடவை அனுப்பினார்கள். மூன்றாவது திகதி கொடுத்தபோது கண் டொக்டர் தெளிவாகவே சொன்னார். அவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறார். இந்த முறையும் தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசை எப்போது நகரும் என்று அவருக்கும் தெரியாது.

பிரஷர் குளிசையைக் கூட்டி எழுதினார். பிறகு, எழுந்து போகிறவர்களுக்குச் சொல்வதைப் போல, மனதையும் கொஞ்சம் அமைதியாக வைத்திருங்கள், தியானம் ஏதாவது செய்யுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

அவர் ‘ஏதாவது’ என்றுதான் சொன்னார். அப்பாவின் காதில் அது ‘எல்லாம்’ என்று பதிவாகியது.

மாஸ்டர்கள்

இதற்கு அப்பாவைக் குறை சொல்ல முடியாது. வெள்ளவத்தையில் ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு டியூஷன் மாஸ்டரிடம் போகும் பிள்ளையை மற்றத் தாய்மார் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் இரசாயனவியலுக்கு இரண்டு பேரிடம் போனேன். திங்கட்கிழமை ஒருவர் படிப்பித்த அதே சமன்பாட்டை வியாழக்கிழமை மற்றவர் வேறு நிறச் சோக்கில் எழுதினார். மூன்றாவதாக ஒருவர் ரிவிஷனுக்கு. அப்பா வாசலில் நின்று, எந்த மாஸ்டரிடம் போன கிழமையில் மார்க்ஸ் கூடியது என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அதே முறைதான் இங்கும். தியானத்துக்குப் பல மாஸ்டர்கள், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு சோதனை. பெறுபேறு உடனே குடும்ப வட்ஸ்அப் குழுவில் வெளியாகும். ரொறன்ரோவும் லண்டனும் மெல்பேர்னும் அம்மாவின் பிரஷரை வைத்துத்தான் அன்றைய காலையைத் தொடங்கின.

முதலாவது மாஸ்டர் நான். எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமைகளில் நலவாழ்வு வகுப்பு நடக்கும். மிக மெல்லிய குரலில் பேசும் ஓர் இளைஞர் வந்து, ஆளுக்கு ஒரு கஜுப் பருப்பு தந்து, அதை மிக மெதுவாகச் சாப்பிடச் சொன்னார். இந்தக் கணத்தில் கவனத்தை நிறுத்துவதுதான் நோக்கம் என்றார். சம்பள உயர்வு வராததைக் கவனிக்காமலிருக்கச் செய்வது என்று நிர்வாகம் விளங்கிக்கொண்டது. என் பக்கத்தில் இருந்த சிநேகிதி நில்மினி, அவர் விளக்கி முடிப்பதற்குள் கஜுவை விழுங்கிவிட்டாள். அவள்தான் எங்களில் மிக அமைதியானவள்.

அங்கே கற்ற மூச்சைக் கவனிக்கும் முறையை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூச்சை மாற்ற வேண்டாம், அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாத்துட்டேன். போகுது, வருது. வேற என்ன?”

வேறு ஒன்றும் இல்லை, அதுதான் முழுவதும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இரகசியமும் வெளிச்சமும்

இரண்டாவது மாஸ்டர் மாமி. அவர் ஒரு சாமியாரிடம் மந்திர தீட்சை வாங்கியவர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மனம் வேறெங்கும் ஓடாமல் அந்தச் சொல்லில் கட்டுண்டு நிற்கும் என்பது இதன் அடிப்படை. நல்ல முறைதான். ஒரே சிக்கல், மாமியின் மந்திரம் இரகசியம். அதை அவர் அம்மாவுக்குச் சொல்லக் கூடாது. ஆகவே மந்திரம் இல்லாமல் மந்திர ஜெபம் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்.

இதைக் கேள்விப்பட்டு அடுத்த ஞாயிறு மாமா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேர்ந்தார். செபமாலையை மேசையில் வைத்தார். எங்கட ஆட்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், இதற்குக் காசு கட்டிப் படிக்கத் தேவையில்லை என்று மாமிக்குக் கேட்கும்படி சொன்னார். மணிமணியாக மன்றாடிக்கொண்டே உள்ளுக்குள் ஒரு காட்சியைத் தியானிப்பதுதான் செபமாலை. மாமா அதை, கப்பல் புறப்படுவதற்குள் சாமான் ஏற்றி முடிக்கும் வேகத்தில் சொல்வார். அம்மா பின்னால் ஓடிக் களைத்துப் போனார்.

மாமி தன்னுடைய உருத்திராட்ச மாலையை எடுத்தார். இரண்டு மாலைகளும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்தன. பொறிமுறை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அந்த வருடத்தில் மாமாவும் மாமியும் ஒரே குரலில் எதிர்த்த விஷயம் அது ஒன்றுதான்.

அடுத்த மாஸ்டர் ரொறன்ரோவிலிருந்து. அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. குரல் பதிவில் வகுப்பெடுத்தார். இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி, சுடரைக் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். மனம் ஒரு புள்ளியில் குவியும். “அண்ணி, கண்ணால தண்ணி ஓடினால்தான் சரியாச் செய்யிறியள் எண்டு அர்த்தம்,” என்று உற்சாகமூட்டினார்.

கண்ணில் புரை விழுந்தவருக்கு விளக்கை உற்றுப் பார்க்கும் தியானம். குழுவில் இருந்த எவருக்கும் இதில் எதுவும் இடறவில்லை. அப்பா விளக்கை ஏற்றி, மின்விளக்கை அணைத்தார்.

அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“எனக்கு நாலு விளக்குத் தெரியுது,” என்றார். “எதப் பாக்கணும்?”

அப்பா இந்தக் கேள்வியை அப்படியே ரொறன்ரோவுக்கு அனுப்பினார். நடுவில் இருப்பதைப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது.

எல்லோரும் நலமாக இருக்கட்டும்

நில்மினியிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. அவள் பௌத்தப் பெண், தங்கள் கோயிலான பன்சலையில் சிறுவயதிலிருந்து தியானம் பழகியவள். மைத்திரி தியானம் செய்து பார்க்கச் சொன்னாள். மனதில் கிடக்கும் கோபத்தை இளக்குவதற்கான முறை அது. முதலில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டும். பிறகு உங்களுக்குப் பிரியமானவர், பிறகு சம்பந்தமில்லாத ஒருவர், கடைசியாக உங்களுக்குப் பிடிக்காத ஒருவர்.

அம்மா கண்ணை மூடினார். தன்னை வாழ்த்தினார். பிரியமானவரை வாழ்த்தினார், அது நான் என்று நம்புகிறேன். சந்தியில் லொத்தர் சீட்டு விற்பவரை வாழ்த்தினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தார். தரைக்குக் கீழே மாமியின் வீடு.

“அவங்க நல்லா இருக்கணும்னு வேற நான் நினைக்கணுமா? அவங்க நல்லாத்தானே இருக்காங்க.”

அன்று பின்னேரப் பெறுபேற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உண்மையில் வேலை செய்த முறை ஒன்று இருந்தது. உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனித்து, இறுக்கத்தை விட்டுக்கொண்டே போவது. நித்திரை வராதவர்களுக்கு நல்லது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து வாசித்தேன். இடது காலின் பெருவிரலைக் கவனியுங்கள் என்றேன். அதில் ஆணி என்றார் அம்மா. முழங்காலைக் கவனியுங்கள் என்றேன். எந்த முழங்காலை, குத்துகிறதையா உளைகிறதையா என்று கேட்டார். இப்படிப் போய், வயிற்றை அடைந்தபோது பதில் வரவில்லை. அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் நடந்த ஒரே தியானம் அது.

அப்பா கால் நுனியில் நடந்து அறைக்குள் வந்தார். கையில் மெஷின். நான் தலையை ஆட்டித் தடுப்பதற்குள், நித்திரையில் கிடந்தவரின் கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அழுத்திவிட்டார். பட்டி உப்பி இறுக்கியதும் அம்மா கள்ளன் கையைப் பிடித்துவிட்டதாக நினைத்துக் கத்தினார். கீழ் மாடியிலிருந்து மாமி ஓடி வந்தார். மெஷின் அதன் வாழ்நாளில் காட்டிய அதிகூடிய இலக்கத்தைக் காட்டியது.

“சத்தம் போடாமல்தான் கட்டினனான்,” என்றார் அப்பா. “நித்திரையில எடுத்தால் குறைவாக் காட்டும் எண்டு நினைச்சன்.”

மரைன் டிரைவில்

கடைசியாக நடைத் தியானம். குதிக்கால், பாதம், விரல் என்று ஒவ்வொரு அடியையும் உணர்ந்து நடப்பது. இருக்க முடியாத மனதை நடந்து ஆற வைப்பது. பின்னேரம் அம்மாவை மரைன் டிரைவுக்குக் கூட்டிப் போனேன்.

வெள்ளவத்தையில் எந்தத் தமிழராலும் நடைத் தியானம் செய்ய முடியாது என்பதை எந்தக் குருவும் எழுதி வைக்கவில்லை. குதிக்காலுக்கும் பாதத்துக்கும் இடையில் ஒருவர் வந்து, ஒப்பரேஷன் முடிந்துவிட்டதா என்று கேட்டார். பாதத்துக்கும் விரலுக்கும் இடையில் இன்னொருவர் தன் மச்சானின் கண் போன கதையைச் சொன்னார். அம்மா நடப்பதைக் கைவிட்டு, கடலைப் பார்க்கும் சீமெந்துக் கட்டின் மேல் இருந்துவிட்டார். கல்கிசைப் பக்கம் போகும் ரயில் ஒன்று, வாசலில் தொங்கும் மனிதர்களுடன் எங்களுக்கு முன்னால் ஓடியது. உப்புக் காற்றில் டீசல் மணத்தது.

அது போன பிறகு அம்மா சொன்னார்:

“நான் ஒப்பரேஷனுக்குப் பயந்து பிரஷர் ஏறல மகள். அந்தப் பட்டியக் கட்டின உடன நீங்க எல்லாரும் என்ட முகத்தப் பாக்குறீங்க. உங்கப்பா பாக்குறத பாத்தா எனக்கே நான் பெயிலாகப் போறேன்னு வருது.”

“அப்ப அப்பாட்ட சொல்லுங்களேன், இனி எடுக்க வேணாம்னு.”

“உங்கப்பாட்ட நான் எப்ப என்ன சொன்னேன்? எல்லாத்தையும் சேத்து வெச்சு, செவ்வாய்க்கிழமை போய் இறக்கி வெச்சிட்டு வருவேன். யார்ட்டயாச்சும் கதைச்சு, சிரிச்சு, முடிஞ்சிரும்.” காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். “இப்ப செவ்வாய்க்கிழமையும் அவரோடதான் போறேன். எங்க இறக்க?”

நான் மென்பொருள் சோதிப்பவள். பிழை எங்கே இருக்கிறது என்று ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. அன்றிரவே அப்பாவிடம், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பிரஷர் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அப்பா மிகக் கவனமாகக் கேட்டார். அடுத்த நாளிலிருந்து மெஷினை ஓடவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அந்த முதுகு முகத்தைவிடப் பயங்கரமாக இருந்தது.

மூன்றாவது திகதி

நோயாளியுடன் ஒருவர் மட்டும் வரலாம் என்று ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நாங்கள் நான்கு பேர் போனோம். சித்தப்பா வீடியோவில் வந்தார்.

சத்திரசிகிச்சைக்கு முன் இருத்தி வைக்கும் அறைக்கு ஒரு கம்பிக் கதவு. உள்ளே பச்சைக் கவுண் போட்ட நோயாளிகள் நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாதி அம்மாவின் பிரஷரை எடுத்தார். கூடித்தான் இருந்தது. மற்றவர்களை முடித்துவிட்டு இன்னும் ஒரு தடவை எடுப்பேன், அப்போதும் இப்படித்தான் இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

கம்பிக் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து எல்லா மாஸ்டர்களும் ஒரே நேரத்தில் வகுப்பைத் தொடங்கினார்கள். மூச்சை இழுத்து விடும் என்றார் அப்பா. கண்ணை மூடி நெற்றிக்கு நடுவில் பாரும் என்றார் மாமி. மாமா கம்பிக்குள்ளால் செபமாலையை நீட்டினார். சித்தப்பா விளக்கு விளக்கு என்றார். நானும் சும்மா நிற்கவில்லை. தோளைத் தளர விடுங்கோ அம்மா, தாடையைத் தளர விடுங்கோ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து கம்பிக் கதவுக்குக் கிட்டே வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு கீழ போ.”

“நான் நிக்கிறேன் அம்மா. ஒருத்தர் நிக்கலாம்.”

“நீயும் போ மகள். நீதான் முதல்ல போகணும்.”

கூட்டிக்கொண்டு போனேன். கன்டீனில் பிளேன்ரீ வாங்கினேன். அப்பா கோப்பையைத் தொடவில்லை. தாங்க முடியாமல் நான் மட்டும் மேலே வந்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி, உள்ளேயிருந்து தெரியாதபடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும். மாளிகாவத்தையிலிருந்து வந்தவர் என்பது பேச்சிலிருந்து விளங்கியது. அவருக்கும் பிரஷர் கூடி, அவரையும் இருத்தி வைத்திருந்தார்கள்.

“என்ட மகன் போன்ல ஒண்டப் போட்டுத் தந்தான்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “உம்மா, மேகம் போறதப் பாக்கிற மாதிரி நெனச்சிக்கோங்க எண்டு. நான் செல்லினேன், மகன், மேகம் தெரிஞ்சா நான் ஏன் ஆஸ்பத்திரிக்கி வாரன்?”

அம்மாவின் தோள்கள் குலுங்கின. நான் வாரக்கணக்கில் தளர விடச் சொன்ன அதே தோள்கள்.

“என்ட மகள் அதுக்கு மேல,” என்றார் அம்மா. “என்னப் படுக்க வெச்சு, கால் விரல்ல இருந்து ஒவ்வொண்ணா பேர் கூப்பிட்டா, இஸ்கூல்ல ரெஜிஸ்டர் எடுக்குற மாதிரி. நிறுத்தட்டும்னு தூங்குற மாதிரி நடிச்சேன். நடிச்சு நடிச்சு தூங்கியே போயிட்டேன்.”

பிறகு மாமியைப் போலக் கண்ணை மூடிக் காட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் அப்பாவின் முதுகை, இருந்த இடத்திலிருந்தே நடித்துக் காட்டினார். எங்கள் அம்மாவுக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாது. மாளிகாவத்தைப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாதிகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் குணநலன்கள் இன்னும் விரிவாக ஆராயப்பட்டன. கல்யாணப் பேச்சை எடுத்தால் நான் காரணங்களை வரிசையாகச் சொல்வதுவரை வந்தார்கள்.

தாதி வந்து கையை எடுத்தபோது அம்மா கதையின் நடுவில் இருந்தார். பட்டி இறுகும்போது மட்டும் பேச்சை நிறுத்தினார், சிரிப்பு முகத்திலேயே இருந்தது. தாதி இலக்கத்தைப் பார்த்தார். பட்டியைக் கழற்றினார்.

“ஹரி அம்மா, யமு,” என்றார். சரி, போவோம்.

அம்மா எழுந்து தாதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கதவுப் பக்கம் பார்க்கவில்லை. கதையின் மிச்சத்தைத் தோளுக்கு மேலால் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வெற்றிக்கு உரிமையாளர்கள்

அன்று மத்தியானம் அம்மா வலது கண்ணில் கட்டுடன் வெளியே வந்ததும் குடும்பக் குழுவில் வாழ்த்துகள் நிறைந்தன. ஆனால் வாழ்த்தப்பட்டவர் அம்மா அல்ல. சித்தப்பா, விளக்குத் தியானத்தின் பலன் உடனே தெரியாது, பிறகுதான் தெரியும் என்றார். மாமா, தான் கொளுத்திய மெழுகுதிரியைப் பற்றிச் சொன்னார். மாமி கன்டீனில் வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். நில்மினி, நான் கேட்காமலே, அன்று காலை அந்தத் தாதிக்கும் சேர்த்து மைத்திரி செய்ததாக எனக்குத் தனியாக எழுதினாள். ஆஸ்பத்திரியில் டொக்டர், கூட்டிய குளிசை வேலை செய்திருக்கிறது என்றார். அப்பா, தினமும் எடுத்துப் பழக்கியதால்தான் அம்மாவுக்கு மெஷினின் பயம் தெளிந்தது என்று குரல் பதிவில் அறிவித்தார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது சோதனையில் முதல் விதி. நாங்கள் குளிசை உட்பட எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினோம். ஆகவே எது வேலை செய்தது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. இதனால் எல்லோருக்கும் வசதி.

அந்த முறைகளில் ஒன்றையும் நான் இன்று பழிப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேலையைச் செய்யப் பிறந்தது. ஒன்று கவனத்துக்கு, ஒன்று கோபத்துக்கு, ஒன்று நித்திரைக்கு. நாங்கள்தான் அத்தனையையும் பரீட்சையில் பாஸாகும் வேலைக்குப் போட்டோம். நானே இப்போது இடைக்கிடை மூச்சைப் பார்க்கிறேன். போகிறது, வருகிறது.

ஒரு செவ்வாய்

கண்ணுக்கு மருந்து விடும் காலம் முடிந்து சில கிழமைகள் இருக்கும். நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். காதில் ஹெட்போன், திரையில் வெளிநாட்டு வாடிக்கையாளர். அம்மா சேலை கட்டி, கைப்பையுடன் வாசலில் நின்று எதையோ சொன்னார். நான் தலையாட்டினேன். கதவு சாத்தப்பட்டது.

அப்பா குளித்துவிட்டு வந்து அம்மா எங்கே என்று கேட்டபோதுதான் அன்று என்ன கிழமை என்று எனக்கு உறைத்தது. அம்மாவின் தொலைபேசிக்கு எடுத்தோம். அது சாப்பாட்டு மேசையில் சார்ஜரில் கிடந்து அடித்தது.

மத்தியானம் மாமாவிடம் கேட்டோம். கோயிலில் கண்டதாகச் சொன்னார். பிறகு யாரோடோ கதைத்துக்கொண்டு போனாவாம், எங்கே என்று தெரியாதாம். அப்பா ஓட்டோ பிடித்துப் போகச் சட்டை போட்டார். பிறகு, வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவோம் என்று சட்டையுடனேயே இருந்துவிட்டார். மாமி மேலே வந்தார். நான் லப்டொப்பை மூடினேன்.

பின்னேரமானது. வழக்கமான நேரம் கடந்தது. வரவேற்பறையில் மூன்று பேரும் மூன்று கதிரைகளில், நிமிர்ந்து, வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே காலிக்குப் போகும் பெரிய வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒவ்வொன்றும் நின்று கிளம்பும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்தில் அப்பா மூச்சு விடுவதும் கேட்டது. வெளிச்சம் குறைந்ததைக்கூட எவரும் கவனிக்கவில்லை. எந்த மாஸ்டராலும் எங்கள் வீட்டில் உண்டாக்க முடியாத ஒருமுகம் அது.

சாவி திரும்பியது.

அம்மா உள்ளே வந்தார். ஒரு கையில், மீன் அடைத்த மாலு பாண் வைத்த, எண்ணெய் ஊறிய பை. சேலையில் மெழுகுதிரி வாசமும் பஸ் வியர்வையும். முகம் களைத்து, காலியாகி, லேசாக இருந்தது. சுவிட்சைப் போட்டார். இருட்டில் வரிசையாக இருந்த மூன்று பேரையும் சரிசெய்த கண்ணால் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“என்ன, எல்லாரும் தியானமா?”

மூன்று பேரும் அவர் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சரி சரி, செய்யுங்க. நான் குழப்பல,” என்று சொல்லிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, உடுப்பு மாற்ற உள்ளே போனார்.